முன்னால் உட்கார ஓர் ஆள்

"சரிங்க தொரை" என்று வாய் சொல்லி முடித்த பிறகுதான், தான் எதற்குச் சரி சொன்னோம் என்பது கணக்கப்பிள்ளை ஆண்டியப்பனுக்கு உறைத்தது.

தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் பனி இன்னும் விலகவில்லை. அன்றைய வேலைக்குப் பேர் போட வந்த பெண்கள் கூடையும் கையுமாக வரிசையில் நின்றார்கள். துரை தன் நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே விஷயத்தைச் சொல்லியிருந்தார். சீமையிலிருந்து மடக்குத் தோணி வந்திருக்கிறது. கித்தானில் செய்தது. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து துடுப்புப் போடலாம். வருகிற சனியும் ஞாயிறும் பொல்பிட்டியப் பக்கம், ஆறு அகன்று ஓடுகிற இடத்தில் அதை இறக்கிப் பார்க்கப் போகிறார்கள். கணக்கப்பிள்ளை இரண்டு நாளும் கூடவே இருக்க வேண்டும். 'வேண்டும்' என்பது நான் போட்டது. துரைமார் தமிழில் அந்தச் சொல் கிடையாது. எல்லாம் 'வா', 'போ', 'இரு'தான்.

அதே சனிக்கிழமைதான் பொகவந்தலாவையிலிருந்து பெரிய கங்காணி இராமையா வீட்டார் ஆண்டியப்பனின் மகள் அழகம்மாவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"தொரை..." என்று இழுத்தார் ஆண்டியப்பன்.

"என்ன?"

"சரிங்க தொரை."

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வெள்ளைத் தோலுக்கு முன்னால் அவர் நாக்கு வேறு சொல் பழகியதேயில்லை. இலங்கைப் பிரஜாவுரிமை விசாரணைக்குப் போனபோது, இந்த நாட்டிலேயே நிரந்தரமாக இருக்க எண்ணமா என்று அதிகாரி கேட்டார். "தொரை இருக்கச் சொன்னா இருப்பேனுங்க" என்று பதில் சொல்லிவிட்டு வந்தார் ஆண்டியப்பன். மனு தள்ளுபடியானது. அதில் அவருக்கு வருத்தமில்லை. துரையைக் கேட்காமல் வேறு பதில் சொல்லியிருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பார்.

வீட்டு வாசற்படியைத் தாண்டிவிட்டால் மட்டும் அவர் வேறு ஆள். அங்கே 'சரி' சொல்வது மற்றவர்களுடைய வேலை. மனைவி ராசம்மா அதை நன்றாகப் பழகியிருந்தாள். மகள் அழகம்மா பழகிக்கொண்டிருப்பதாக அவர் நம்பினார்.

அழகம்மா ஹட்டன் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்துப் பெரிய சோதனை பாஸாகியிருந்தாள். அந்தத் தோட்டத்தில் அதுவரை ஆணிலும் யாரும் அதைச் செய்ததில்லை. சோதனை முடிவு வந்த கையோடு, பள்ளித் தலைவியான மதர் குடையைப் பிடித்துக்கொண்டு ஆண்டியப்பன் வீட்டுக்கே வந்துவிட்டார். தை மாதம் பள்ளி திறக்கும்போது பெண்ணைக் கண்டிக்கு அனுப்புங்கள், மடத்திலேயே தங்கி மேல்படிப்புப் படிக்கட்டும், ஒரு சதம் தர வேண்டாம் என்றார்.

மதரும் வெள்ளைக்காரி. ஆண்டியப்பன் நாக்கில் 'சரிங்க' வந்து நின்றுவிட்டது. கடைசி நொடியில் அதற்கு ஒரு வால் ஒட்டினார்: "மார்கழி பொறக்கறதுக்குள்ள சம்பந்தம் அமையலேன்னா, தையில அனுப்பிடறேனுங்க மதர்."

இராமையா வீட்டுப் பேச்சு அப்போதே முக்கால்வாசி முடிந்திருந்தது. ஜெயித்துவிட்ட பந்தயத்தில் பணம் கட்டுகிறவரின் தாராளம் அவர் குரலில் இருந்தது.

மதருக்குத் தேநீர் கொண்டுவந்த அழகம்மா நின்றாள். "இது வார்த்தைதானேப்பா?"

"ஆண்டியப்பன் வார்த்தை மாறுனதா நீ எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா?"

"இல்லப்பா" என்றாள் அழகம்மா. வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாப்பிள்ளை முத்துலிங்கத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். முப்பதைத் தாண்டியவன். ஒரே பிள்ளை. நல்ல சரீரம். சேர்ந்தாற்போல இரண்டு பேர் உட்கார வேண்டிய பஸ் ஆசனத்தில் அவன் ஒருவனாக உட்காருவான், அடுத்தவர் நின்றுகொண்டு வருவார். கெட்ட பழக்கம் ஒன்றுமில்லை. நல்ல பழக்கமும் சொல்லும்படி ஒன்றுமில்லை. சாதகத்தில் தண்ணீரில் கண்டம். அதனால் அவன் அம்மா வேலாயி அவனை அருவிப் பக்கமோ ஆற்றுப் பக்கமோ விட்டதில்லை. குளிப்பதுகூட வீட்டு மூலையில்தான். அவளே வெந்நீர் விளாவி, அவளே ஊற்றுவாள். இதையெல்லாம் வேலாயி மறைத்ததில்லை. ஊர் ஊராகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தரகர் இதைச் சொன்னபோது அழகம்மா கதவோரம் நின்றாள். "கல்யாணத்துக்கு அப்புறம் யாருப்பா ஊத்துறது?" என்று கேட்டாள். ஆண்டியப்பன் முறைத்த முறைப்பில் தரகர் பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெண் கல்யாணத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அடங்கிவிட்டாள் என்று ஆண்டியப்பன் நிம்மதியானார். எங்கள் அப்பாமாருக்கு அமைதி என்றால் ஒரே அர்த்தம்தான் தெரியும்.

ஆக, சனிக்கிழமை தவறினால் அடுத்த நாள் அட்டமி. அதற்கடுத்து மார்கழி. தை பிறந்தால் பெண் கண்டியில். இராமையா வீட்டுக்கு வேறு இடத்திலிருந்தும் பெண் சொல்லியிருக்கிறார்கள், காத்திருக்க மாட்டார்கள். இத்தனையும் பெரட்டுக் களத்தைத் தாண்டுவதற்குள் ஆண்டியப்பன் மனத்தில் ஓடிவிட்டது.

துரையிடம் முடியாது என்று சொல்லலாம் என்பது மட்டும் ஓடவில்லை.

அவர் நேரே பங்களாக் குசினிக்குப் போனார். சமையல்கார அப்பு செபமாலை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஆற்றில் வெள்ளம் என்று துரை காதில் எப்படியாவது போட்டுவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார் ஆண்டியப்பன். தோணிப் பயணம் ஒரு வாரம் தள்ளிப்போனால் போதும்.

செபமாலை அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நெசமாவா சொல்றீங்க கணக்கப்பிள்ளை ஐயா?" என்றார்.

"நெசமாத்தான்யா."

எதையோ கேட்க வாயெடுத்தவர், அடுத்தவர் வீட்டுக் கதை நமக்கெதற்கு என்பதுபோல வெங்காயத்தைத் திரும்பக் கையிலெடுத்தார். சொன்னபடி இராச் சாப்பாட்டின்போது சூப்பை வைத்துக்கொண்டே வெள்ளச் செய்தியையும் வைத்தார்.

துரை மேசையைத் தட்டிச் சந்தோஷப்பட்டாராம். குட்டைபோலக் கிடக்கிற ஆற்றில் தோணி விடுவதில் என்ன இருக்கிறது, வெள்ளம் வடிவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று வெள்ளிக்கிழமை மத்தியானமே புறப்பட முடிவு செய்துவிட்டார். இரண்டு நாள் இப்போது இரண்டரை நாள் ஆயிற்று.

ஆண்டியப்பன் வீட்டில் வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார். ராசம்மா தேநீரை வைத்தாள்.

"எந்தம்பி வீடு அங்கனதானே இருக்கு" என்றாள், சுவரிடம் சொல்வதுபோல.

ராசம்மாவின் தம்பி சிவசாமி, கினிகத்தேனையிலிருந்து பொல்பிட்டியவுக்கு இறங்குகிற வழியில் சின்னக் கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்குக் கீழே சரிவு. சரிவின் அடியில் ஆறு. ஆண்டியப்பன் நிமிர்ந்தார். பெண் பார்ப்பதை அங்கே மாற்றிவிட்டால், துரைக்குத் தோணியைப் பிடித்துக்கொண்டே சம்பந்தியையும் வரவேற்றுவிடலாம். தன் மூளையை அவரே மெச்சிக்கொண்டார். ராசம்மா சொன்னாள் என்பது அதற்குள் அவருக்கு மறந்துபோயிருந்தது.

ஆனால் பெண் வீட்டில் பார்க்க வேண்டிய பெண்ணை ஏன் மச்சான் வீட்டில் பார்க்க வேண்டும்? ஒருநாள் லீவு கேட்கத் தைரியமில்லை என்று சம்பந்தியிடம் சொல்ல முடியுமா? துரையே தன்னைக் கேட்டுத்தான் மூச்சு விடுகிறார் என்றல்லவா இராமையாவிடம் சொல்லிவைத்திருந்தார்? எனவே வெள்ளனவே பொகவந்தலாவை பஸ் கண்டக்டரிடம் வாய்ச்செய்தி சொல்லியனுப்பினார். தொழிலாளர் லயத்தில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது, நல்ல காரியத்துக்கு வருகிறவர்கள் இங்கே வர வேண்டாம், கினிகத்தேனையில் மச்சான் வீட்டுக்கு வாருங்கள் என்று. ஆற்றைப் பற்றி மூச்சுவிடவில்லை.

பஸ் கண்டக்டர் ரகசியம் காப்பாரா? செய்தி பொகவந்தலாவைக்குப் போவதற்கு முன்னால் ஹட்டன் கடைத்தெருவுக்குப் போய், அங்கிருந்து தோட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலைப் பெரட்டில் பாதிப் பெண்கள் இல்லை. மலைக் குளிரில் வேப்பமரம் ஏது? கிடைத்த இலையைப் பறித்து லயத்து வாசலெல்லாம் செருகியிருந்தார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்தாயிற்று. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றாமல் கொழுந்து எடுக்க மாட்டோம் என்று மூத்த பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

தோட்டத்து டிஸ்பென்சர் மருந்துப் பெட்டியோடு ஓடிவந்தார். இக்னேசியஸ் என்று பெயர். கண்டிப்பான மனுஷர். அம்மை கண்ட பிள்ளையைக் காட்டு என்று ஒவ்வொரு காம்பராவாகப் புகுந்தார். பிள்ளை இருந்தால்தானே காட்டுவார்கள்? ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று அவருக்குக் கோபம் ஏறியது. கண்ணில் பட்ட பிள்ளைகளுக்கெல்லாம் அம்மைப்பால் குத்தினார். லயம் முழுக்க அழுகை. பிள்ளை கிடைக்கும்வரை ஒருத்தரும் தோட்டத்தைவிட்டு வெளியே போகக்கூடாது என்று உத்தரவும் போட்டார்.

ஆண்டியப்பன் மெல்லப் போய், அது அம்மையாக இருக்காது, வேர்க்குருவாக இருக்கும் என்றார்.

இக்னேசியஸ் தன் கம்பளிக் கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "இந்தக் குளிர்லயா வேர்க்குரு?"

"சில பேருக்கு வருமுங்க."

"அந்தப் பிள்ளையப் பாத்தீங்களா? தொட்டீங்களா?"

பார்க்கவில்லை என்றால் பொய் வெளியே வரும். பார்த்தேன் என்றால்? ஆண்டியப்பன் பார்த்தேன் என்றார். இக்னேசியஸ் அங்கேயே அவர் சட்டைக் கையை மடக்கி ஊசியை ஏற்றினார். கொஞ்சம் தாராளமாகவே ஏற்றினார். பிறகு வீட்டுக்குள் போய் ராசம்மாவுக்கும் அழகம்மாவுக்கும் ஆளுக்கொன்று. மூன்று பேரும் வாசற்படி தாண்டக்கூடாது என்றார்.

மத்தியானம் துரையின் லொறி பங்களா வாசலில் நின்றது. தோணியை மடக்கி வைத்த நீளப் பெட்டி ஏற்றியாயிற்று. ஆண்டியப்பன் வீங்கிய கையோடு ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். துரையும் போய்விடுவார், சம்பந்தியும் போய்விடுவார், இல்லாத அம்மைக்குத் தான் சிறையிருக்க வேண்டும் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

அப்போது துரையின் மனைவியான துரைசானி குடையோடு இறங்கி வந்தார்.

துரைசானிக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க அழகம்மா மாலை வேளைகளில் பங்களாவுக்குப் போய்வந்தாள். மகளை அனுப்பியது ஆண்டியப்பன்தான். கடைத்தெருவில் சொல்லிக்கொள்ள அதைவிடப் பெருமை வேறென்ன? அழகம்மா பாடப்புத்தகத் தமிழையே சொல்லிக்கொடுத்திருந்தாள். அதனால் அந்தத் தோட்டத்தில் சுத்தமான தமிழ் பேசுகிறவர் துரைசானி ஒருவர்தான்.

"என் ஆசிரியை என்னுடன் ஆற்றுக்கு வர வேண்டும்" என்றார் துரைசானி, வாசலில் காவல் நின்ற இக்னேசியஸைப் பார்த்து. "அவருடைய தாய் தந்தையரும் வரட்டும். தடை ஏதும் உண்டா?"

"இல்லீங்க மேடம்" என்றார் கண்டிப்பான இக்னேசியஸ்.

மாரியம்மனே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்ததுபோல இருந்தது ஆண்டியப்பனுக்கு. மகளைப் பெருமையோடு பார்த்தார். அவள் முன்கூட்டியே பையைக் கட்டி வைத்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

லொறியின் பின்னால், தோணிப் பெட்டிக்குப் பக்கத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். கினிகத்தேனைக் கடைத்தெருவில் லொறி நின்றபோது நாலு பேர் சுற்றி நின்று, பெட்டிக்குள் என்ன என்று டிரைவரைக் கேட்டார்கள். தோணி என்று தெரிந்ததும் ஒருவன் பெட்டியையும் ஆண்டியப்பன் குடும்பத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிங்களத்தில் ஒன்று சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். தோட்டத்து ஆட்களைக் கள்ளத்தோணி என்று திட்டுகிறவர்களுக்குத் தோணியே ஆளோடு லொறியில் வந்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? ஆண்டியப்பனும் கூடச் சேர்ந்து சிரித்தார். அழகம்மா சிரிக்கவில்லை. கொழும்புப் பக்கம் இறங்கிப்போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துரையும் துரைசானியும் ரெஸ்ட் அவுஸில் தங்கினார்கள். கணக்கப்பிள்ளை குடும்பம் சிவசாமி வீட்டில்.

சனிக்கிழமை விடிந்ததும் துரை தோணியைப் பூட்டி ஆற்றில் இறக்கிவிட்டார். பின் ஆசனத்தில் அவர். முன் ஆசனத்தில் ஆண்டியப்பன், கோட்டும் தலைப்பாகையுமாக. பெண்ணின் தகப்பன் அல்லவா, எந்த நேரமும் மேலே ஓட வேண்டியிருக்கும் என்று உடுத்திக்கொண்டே வந்திருந்தார். துரை ஆள் கனம். ஆண்டியப்பன் எலும்பும் தோலும். தோணியின் மூக்கு வானத்தைப் பார்த்தது. ஊசி குத்திய கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. ஒரு கையால் அவர் துடுப்புப் போட, தோணி நின்ற இடத்திலேயே வட்டம் அடித்தது. கரையில் குடையின்கீழ் உட்கார்ந்திருந்த துரைசானி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர்க் கூடையோடு செபமாலை அவருக்குப் பின்னால் நின்றார்.

வட்டம் அடிக்கும்போதெல்லாம் ஆண்டியப்பனுக்கு மரங்களின் இடுக்கில் ஒருமுறை சிவசாமியின் வீடு தெரியும், ஒருமுறை மறையும். ஒரு வட்டத்தில் வீட்டு வாசலில் கார் வந்து நின்றதைப் பார்த்தார். அடுத்த வட்டத்தில் வேலாயி இறங்குவதைப் பார்த்தார். அதற்கடுத்த வட்டத்தில் வாசல் காலியாக இருந்தது. எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள், பெண்ணின் தகப்பன் இல்லாமல்.

வீட்டுக்குள் நடந்ததைப் பின்னால் ராசம்மா சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார். வேலாயி உட்கார்ந்ததும் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லையாம். கையைக் காட்டச் சொல்லி, அம்மை பட்டிருக்கிறதா என்றுதான் பார்த்தாளாம். ஊசி வீக்கத்தைக் கண்டு உதட்டைப் பிதுக்கினாளாம். பிறகு காதைச் சாய்த்து, "அது என்ன சத்தம்?" என்று கேட்டாளாம்.

"காத்துங்க" என்றாளாம் ராசம்மா.

வெற்றிலைத் தட்டு வைத்தாயிற்று. மாற்றிக்கொள்ளப் பெண்ணின் தகப்பனைக் காணோம். நல்ல நேரம் முடியப்போகிறது. எங்கே உங்கள் வீட்டுக்காரர் என்று இராமையா கேட்க, ராசம்மா விழிக்க, அழகம்மாதான் பதில் சொன்னாளாம்: "அப்பா கீழ தொரையோட இருக்காங்க. வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

துரை என்றதும் இராமையா எழுந்துவிட்டார். துரை இருக்கிற இடத்துக்குப் போய்ச் சலாம் போடாமல் மேலே உட்கார்ந்திருந்தால் மரியாதையா? மகனையும் எழுப்பினார். அழகம்மா முன்னால் நடக்க, பட்டு வேட்டியும் சால்வையுமாக முத்துலிங்கம் சரிவில் மெல்ல மெல்லக் கால் ஊன்றி இறங்கினான். மரங்களைத் தாண்டியதும் ஆறு. அவன் அப்படியே நின்றான். பின்னாலிருந்து வேலாயி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

துரைசானி எழுந்து முத்துலிங்கத்தைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு அழகம்மா பக்கம் திரும்பினார்.

"இவர்தானா?"

"ஆமாம் அம்மா, இவர்தான்."

மாப்பிள்ளையைப் பற்றித் துரைசானியே விசாரிக்கிறார் என்று, தோணிக்குள் நனைந்துகொண்டிருந்த ஆண்டியப்பனுக்கு அந்த நேரத்திலும் நெஞ்சு நிமிர்ந்தது. துரைசானி துரையைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை தோணியைக் கரைக்குத் தள்ளினார்.

"கணக்கப்பிள்ளை, நீ எறங்கு. நீ கொக்கு மாதிரி. தோணி மூக்கு தூக்குது" என்றார். முத்துலிங்கத்தை நோக்கி விரலை நீட்டினார். "ஏய், பெரிய ஆளு. நீ வா. முன்னால இரு."

எல்லோரும் இராமையாவைப் பார்த்தார்கள். பொகவந்தலாவையில் அவர் செருமினால் ஒரு மலையில் வேலை செய்கிற ஆள் முழுக்க அப்படியே நிற்கும். சம்பந்தம் பேச வந்த இடத்தில் சீர்வரிசையைக் காற்பங்கு கூட்டியவர் அவர். வேலாயி அவர் கையைப் பிடித்து, கண்டம், கண்டம் என்று முனகினாள். இராமையா வாயைத் திறந்தார். திறந்த வாயைப் பார்த்ததுமே அடுத்து வரப்போவது ஆண்டியப்பனுக்குத் தெரிந்துவிட்டது. அது அவருடைய வாய்தான். வேறு முகத்தில் இருந்தது.

"சரிங்க தொரை" என்றார் இராமையா.

"அஞ்ச வேண்டாம் அம்மா" என்றார் துரைசானி வேலாயியிடம். "இவ்விடத்தில் நீர் இடுப்பளவே உள்ளது."

அப்படித் தமிழ் பேசும் வெள்ளைக்காரியை வேலாயி கண்டதில்லை. அழவந்தவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

முத்துலிங்கம் முன் ஆசனத்தில் உட்கார்ந்தான். தோணி மட்டமாயிற்று. துரை நல்ல பாரம் என்று பாராட்டிவிட்டு ஒரு தள்ளு தள்ளினார். தோணி அம்புபோல நேராகப் போனது. வளைவு வரைக்கும் அழகாகத்தான் போனது. வளைவில் ஒரு பாறை. துரை இடது பக்கம் இழுக்கச் சொன்னார். சரிங்க தொரை என்று முத்துலிங்கம் வலது பக்கம் இழுத்தான். தோணி கவிழ்ந்தது.

வேலாயி போட்ட கூச்சலில் கடையை விட்டுச் சிவசாமி ஓடிவந்தான்.

துரை முதலில் எழுந்தார். அடுத்து முத்துலிங்கம் எழுந்தான். தண்ணீர் அவன் இடுப்புக்குக்கூட எட்டவில்லை. சால்வை ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது. அவன் அதைப் பிடிக்கப் பார்க்கவில்லை. தன்னைச் சுற்றி ஓடுகிற தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குனிந்து இரண்டு கையாலும் அள்ளித் தன் தலையில் தானே ஊற்றிக்கொண்டான். மறுபடியும் அள்ளினான்.

"கண்டம் முடிஞ்சிருச்சும்மா" என்றான் கரையைப் பார்த்து. துரை பக்கம் திரும்பினான். "இன்னொரு வாட்டி போலாமுங்களா தொரை?"

அதுதான் வேலாயியால் தாங்க முடியாமல் போனது. பிள்ளை ஆற்றோடு போயிருந்தால்கூட அவள் அப்படிப் பேசியிருக்க மாட்டாள். பார்க்க வந்த அன்றைக்கே என் பிள்ளையைத் தண்ணீரில் இறக்கிய குடும்பம் என்றாள். ஆற்றை மறைத்து, அம்மை என்று பொய் சொல்லி, காற்று என்று பொய் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்றாள். ஒன்றையும் மறுக்க ஆண்டியப்பனுக்கு வழியில்லை. எல்லாம் உண்மை.

"இந்தச் சம்பந்தம் நமக்கு வேணாம்" என்று புருஷனிடம் முடித்தாள்.

"சரி" என்றார் பெரிய கங்காணி. அதில் 'ங்க'வும் இல்லை, 'தொரை'யும் இல்லை. மற்றபடி அதே சொல்தான்.

வெற்றிலைத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு அவர்கள் காரில் ஏறினார்கள். ஏறும்வரைக்கும் முத்துலிங்கம் ஆற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். சாகும்வரைக்கும் அம்மா ஊற்றுகிற வெந்நீர் அவனுக்கு இனிச் சுகப்படாது என்று நினைக்கிறேன்.

ஆண்டியப்பன் கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். தலைப்பாகையைக் கழற்றிப் பிழிந்தார். நாள் போயிற்று. பெரிய இடத்துச் சம்பந்தம் போயிற்று. மீதி இருப்பது ஊசி வீக்கமும் தோட்டத்தில் காத்திருக்கிற இக்னேசியஸும். ஆற்றில் துரை தனியாகத் தோணியை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

அழகம்மா உலர்ந்த துண்டொன்றைக் கொண்டுவந்து அவர் தோளில் போட்டாள். பக்கத்திலேயே நின்றாள். அவள் கால் விரல்கள் மணலை அழுத்திக்கொண்டிருந்தன.

"அட்டமி தாண்டினா மார்கழிப்பா" என்றாள்.

"தெரியும்."

"மதர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்க."

அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை. கெஞ்சவுமில்லை. பதிலுக்காக நின்றாள். துரையின் முன்னால் தான் ஒருநாளும் அப்படி நின்றதில்லை என்று அவருக்குப் பட்டது. அப்படி நிற்கிறவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குப் பழக்கமில்லை. பழகிய ஒரே சொல்தான் வந்தது.

"சரி" என்றார். "தையில போ."

வீட்டு ஆள் ஒருத்தரிடம் அவர் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அழகம்மா சரிவில் ஏறிப் போனாள். பாதித் தூரம் நடந்தாள். மீதித் தூரம் ஓடினாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் செபமாலை வந்தார். பெண் பார்க்க வந்தவர்களுக்குச் செய்த கேசரியும் வடையும் ஒரு தட்டில் இருந்தன. அதை ஆண்டியப்பன் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார். துரை ரொம்பக் குஷியாக இருக்கிறார், துரைசானி அதைவிடக் குஷியாக இருக்கிறார், கணக்கப்பிள்ளைக்கு நல்ல பேர்தான் என்று ஆறுதல் சொன்னார். ஆண்டியப்பன் வடையைப் பிட்டார். வாயில் போடவில்லை.

"எல்லாம் இந்தப் பாழாப்போன தோணியால வந்த வெனை" என்றார்.

"தோணி என்னங்க பண்ணும்?" என்றார் செபமாலை. "தொரை அதக் கொழும்புக் கடலுக்குக் கொண்டு போறதாத்தான் இருந்தாரு. இந்த ஆறு, இந்தச் சனிக்கெழமை எல்லாம் ஒங்க மக தொரைசானிக்குச் சொல்லிக் குடுத்ததுதானுங்களே. முன்னால உக்கார நல்ல பாரமா ஒரு ஆளு அன்னிக்கு வருவாருன்னுகூடச் சொல்லி வச்சிருந்துச்சு."